வீட்டிலேயே திராட்டில் சென்சாரை ரீசெட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்குள்ள உறவினர்களுக்கு வண்டியின் சென்சார் சிக்கல்கள் அவ்வளவாகத் தெரியாது. பர்மாவின் மோல்மேன், தட்டோன், பெகு போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கோ பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது முதல் கடைச் சரக்கு ஏற்றிவருவது வரை எல்லாம் அந்த இரு சக்கரங்களின் மேல்தான் நடக்கிறது. பர்மியர் பேச்சில் மோட்டார் சைக்கிளுக்கே ‘சைங்கே’ என்றுதான் பெயர். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் இடத்தைத் தாய்லாந்திலிருந்து வரும் எரிபொருள் ஊசி (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வண்டிகள் பிடித்துவரும் இந்நாளில், ‘சென்சார் ரீசெட்’ என்ற சொல் கடைக்குக் கடை ஒலிக்கிறது. அதைப்பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். செய்முறை விளக்கம் பெரும்பாலும் ஹோண்டா வேவ், கிளிக் வகை வண்டிகளைச் சார்ந்தது.

திராட்டில் சென்சார் என்பது என்ன? அது என்ன வேலை செய்கிறது?

நீங்கள் கைப்பிடியை முறுக்கும்போது கேபிள் இழுபட்டு, இன்ஜினுக்குள் காற்றை விடும் வட்டத் தகடு ஒன்று திறக்கிறது. அந்தத் தகட்டின் அச்சு முனையில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு கருவிதான் இந்தச் சென்சார். அதற்கு மூன்று கம்பிகள் உண்டு: ஒன்றில் ஈசியு எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் வருகிறது, மற்றொன்று எர்த், மூன்றாவது செய்தி திரும்பிச் செல்லும் கம்பி. தகடு மூடியிருக்கும்போது திரும்பிச் செல்லும் அழுத்தம் ஏறக்குறைய அரை வோல்ட். முழுதும் திறந்தால் அது 4 வோல்ட்டைத் தாண்டும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள்ளும் இதே அமைப்புதான் இருந்தது.

இந்த எண்ணை வைத்துத்தான் ஈசியு மூன்று முக்கியமான முடிவுகளை எடுக்கிறது. தகடு மூடியிருக்கிறது என்று அறிந்தால் ஐடிலிங்குக்கு, அதாவது கைப்பிடியை முறுக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு, உரிய எரிபொருளைத் தருகிறது. ஓட்டத்தின் நடுவில் சட்டென்று மூடப்பட்டால் எரிபொருளை நிறுத்திவைக்கிறது. எவ்வளவு வேகமாகத் திறக்கப்படுகிறது என்பதைப் பார்த்துக் கூடுதலாக ஒரு துளி பெட்ரோலைச் சேர்க்கிறது. ஆகவே ‘மூடிய நிலை’ எது என்பதில் பிழை நேர்ந்தால், இந்த மூன்றும் ஒருசேரத் தடுமாறும்.

அப்படியானால் ரீசெட் என்பது எதைச் செய்கிறது?

தராசில் வெறுந்தட்டை வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதைக் கடைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். ரீசெட் என்பது அதுவே. ‘இப்போது வரும் இந்த வோல்ட்தான் முழுதும் மூடிய நிலை’ என்று ஈசியுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது சென்சாரைச் சுத்தம் செய்வதில்லை, தேய்ந்த தடத்தைச் சீர்செய்வதில்லை, அறுந்த கம்பியை ஒட்டுவதில்லை. தட்டில் கல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் தராசு எப்படிப் பொய் சொல்லுமோ, அப்படியே பழுதான சென்சாரை ரீசெட் செய்தால் ஈசியுவும் பொய்யைக் கற்றுக்கொள்ளும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ரீசெட்டை ஒரு மருந்தாக எண்ணிப் பணம் கொடுப்பவர்களை அடிக்கடி பார்ப்பதுதான்.

எப்போது ரீசெட் உண்மையிலேயே தேவைப்படுகிறது?

சென்சார் புதிதாக மாற்றப்பட்டபோது, அந்தத் தகடு அமர்ந்திருக்கும் திராட்டில் பாடி கழற்றப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும்போது, ஈசியுவை மாற்றியபோது தேவைப்படுகிறது. இவை எதுவும் நடக்காமல் வண்டி திடீரென்று திணறத் தொடங்கினால், காரணம் வேறெங்கோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

என் வண்டி கார்புரேட்டர் வகை. இதற்கும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நம் ஊர்களில் ஓடும் பழைய சீனத் தயாரிப்பு 110, 125 சிசி கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் இந்தச் சென்சாரே இல்லை. அங்கே ஐடிலிங் சரியில்லை என்றால் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டின் அடைப்பையும் காற்றுத் திருகையும்தான் பார்க்க வேண்டும்.

திஞ்சானுக்குப் பிறகு வண்டி இழுத்து இழுத்து ஓடுகிறது. ரீசெட் செய்யலாமா?

சித்திரைப் புத்தாண்டும் திஞ்சான் நீர்த் திருவிழாவும் ஒட்டியே வருவதால், கோயிலுக்குப் புறப்பட்டவர்கள்கூட வாளி நீருக்கும் குழாய் நீருக்கும் தப்ப முடியாது, வண்டியும் தப்பாது. அந்த நீர், சென்சாரில் கம்பிகளை மாட்டும் கனெக்டருக்குள் புகுந்து தங்குகிறது. அதன்பின் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை. மோல்மேன், சல்வீன் ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் இருப்பதால் காற்றில் உப்பும் உண்டு. சென்சாரின் செய்திக் கம்பியில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் ஆகையால், கனெக்டரின் உலோகப் பின்னில் படியும் மெல்லிய பச்சைக் களிம்பே எண்ணை மாற்றிவிடப் போதுமானது.

என் வண்டிக்கே இது நேர்ந்தது. திஞ்சான் முடிந்த சில வாரங்களில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வெட்டு, சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைவது என்று தொடங்கியது. ஒரு கடையில் மூன்று முறை ரீசெட் செய்து மூன்று முறையும் கூலி வாங்கினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழையபடியே ஆகும். நான்காம் முறை செல்ல மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு பின் முழுவதும் பச்சை பிடித்திருந்தது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. ரீசெட்டும் தேவைப்படவில்லை. எனவே இந்தக் கேள்விக்கு என் விடை: முதலில் கனெக்டரைத் திறந்து பாருங்கள்.

ரீசெட்டுக்கு முன் வேறு எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரி. அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் நாட்களில் சார்ஜரில் போடுவதும் எளிதன்று. ஆயினும் இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருப்பதே நல்ல பேட்டரி. 12க்குக் கீழே இறங்கியிருந்தால், ரீசெட்டின் நடுவில் ஈசியு தடுமாறக்கூடும்.

அடுத்தது திராட்டில் கேபிள். கைப்பிடியை முறுக்கும்போது, தகடு அசையத் தொடங்குவதற்கு முன் பிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் அளவு. கேபிள் இறுக்கமாக இருந்தால் தகடு முழுதும் மூடாது. அந்த நிலையில் ரீசெட் செய்தால், சற்றே திறந்த நிலையை ‘மூடிய நிலை’ என்று ஈசியு பதிந்துகொள்ளும். ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி வரை திருப்பிப் பார்த்து, எந்தத் திருப்பத்திலும் ஐடிலிங் ஏறவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது ஏர் ஃபில்டரும், திராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பரும். ரப்பரில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை வாங்கி ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள், டாங்கில் நீரும் தூசியும் தங்கியிருக்கின்றனவா என்பதையும் பார்ப்பது நல்லது. வண்டியின் எரிபொருள் பம்ப்பின் வடிகட்டி அடைத்தாலும் அறிகுறி ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும்.

சென்சார்தான் பழுது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியே சொல்லும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எரிந்து அணைய வேண்டிய மஞ்சள் எச்சரிக்கை விளக்கு, பழுது இருந்தால் கண் சிமிட்டும். ஹோண்டாவில் நீண்ட சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்றுக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். 8 குறுஞ்சிமிட்டல் வந்தால் திராட்டில் சென்சார். 7 என்றால் இன்ஜினின் வெப்பச் சென்சார். 9 என்றால் உள்ளே வரும் காற்றின் வெப்பச் சென்சார். 1 என்றால் காற்றழுத்தச் சென்சார். ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும் சேர்ந்து 12 என்றால் இன்ஜெக்டர். சில மாடல்களில் காற்று வெப்பம், காற்றழுத்தம், திராட்டில் மூன்றும் ஒரே கட்டியாகத் திராட்டில் பாடியின் மேல் அமர்ந்திருப்பதால், 1, 8, 9 மூன்றும் ஒன்றாக வந்தால் மூன்று சென்சாரும் ஒரே நாளில் இறந்துவிட்டன என்று எண்ணாமல், அந்தக் கட்டியின் கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

8 பதிவாகிவிட்டால் ஈசியு சென்சாரை நம்புவதை நிறுத்தி, திறப்பு 0 டிகிரி என்று வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டும். அதனால் வண்டி ஓடும், ஆனால் முறுக்கினால் எழும்பாது.

விளக்கு சிமிட்டாமலே சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரால் பார்க்கலாம். கனெக்டரைக் கழற்றாமல், பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகிச் செய்திக் கம்பியில் அளந்தபடி, கைப்பிடியை மிக மெதுவாகத் திருப்புங்கள். வோல்ட் சீராக ஏற வேண்டும். நடுவில் எங்கேனும் சட்டென்று விழுந்து எழுந்தால் உள்தடம் தேய்ந்திருக்கிறது. நாள்தோறும் நகரத்தில் ஓட்டும் வண்டியில் தகடு பெரும்பாலும் மூடிய நிலைக்கும் கால் பங்குத் திறப்புக்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருப்பதால், தேய்வும் அங்கேதான் முதலில் தோன்றும். இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டர் சிறந்தது. நொடியின் ஒரு பகுதியில் நிகழும் வீழ்ச்சியை டிஜிட்டல் எண் காட்டத் தவறும், முள் துடித்துக் காட்டிவிடும்.

சரி, ஹோண்டாவில் ரீசெட் செய்யும் முறையைச் சொல்லுங்கள்.

உங்கள் மாடலுக்குரிய பணிமனைக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டர் இருக்கும் இடம், கம்பி நிறம் இரண்டும் மாடலுக்கு மாடல் வேறுபடும். தேவையானவை இரண்டே: பழுதறியும் கனெக்டரில் செருகி அதன் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஷார்ட் பிளக், இரு முனையிலும் பின் உள்ள சிறு துண்டு வயர்.

இன்ஜின் குளிர்ந்த பிறகு, சாவி அணைந்த நிலையில், பழுதறியும் கனெக்டரின் மூடியைக் கழற்றி ஷார்ட் பிளக்கைச் செருகுங்கள். பின்னர் இன்ஜினில் உள்ள வெப்பச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். காற்றால் குளிரும் வேவ் 125இல் இது எண்ணெயின் வெப்பத்தை அளப்பது. நீரால் குளிரும் கிளிக் 125இல் நீரின் வெப்பத்தை அளப்பது. சென்சார் பக்கம் அல்ல, வயரிங் பக்கம் உள்ள கனெக்டரின் இரு துளைகளையும் அந்தத் துண்டு வயரால் இணையுங்கள். கனெக்டரில் மூன்று கம்பிகள் இருந்தால், எந்த இரண்டை இணைப்பது என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது கைப்பிடியைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். எச்சரிக்கை விளக்கு சிமிட்டத் தொடங்கும். அப்படிச் சிமிட்டிக்கொண்டிருக்கும் 10 விநாடிக்குள் துண்டு வயரை உருவிவிட வேண்டும். ரீசெட் ஏற்கப்பட்டால் சிமிட்டும் தாளம் மாறி, விளக்கு தொடர்ந்து சிமிட்டும். 10 விநாடி கடந்துவிட்டால் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும். அதற்குப் பொருள் ரீசெட் நிகழவில்லை என்பது. சாவியை அணைத்து, மறுபடியும் முதலிலிருந்து செய்யுங்கள். வெற்றி என்றால் சாவியை அணைத்து, வெப்பச் சென்சாரை மாட்டி, ஷார்ட் பிளக்கை எடுத்து, மூடியைத் திரும்பப் பொருத்துங்கள்.

இந்த முறை விந்தையாகத் தோன்றலாம். பழுதறியும் கம்பியும் வெப்பச் சென்சார் கம்பியும் ஒரே நேரத்தில் ஷார்ட் ஆவது சாதாரண ஓட்டத்தில் நேராத ஒன்று. அந்தச் சேர்க்கையைக் கண்டதும் ஈசியு ‘எனக்குப் பூஜ்ஜியம் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்’ என்று புரிந்துகொள்கிறது.

ஷார்ட் பிளக்குக்குப் பதிலாகச் சிறு கம்பியை வளைத்துச் செருகலாமா?

பலர் செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். பழுதறியும் கனெக்டரின் துளைகளில் பேட்டரி மின்சாரம் வரும் கம்பியும் இருக்கக்கூடும். இடம் தவறினால் ஃபியூஸ் போவது சிறு இழப்பு, ஈசியு போவது பேரிழப்பு. பிளக்கின் விலை ஈசியுவின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

ரீசெட்டுக்குப் பிறகு 7 என்ற சிமிட்டல் வருகிறது. ஏதாவது கெட்டுவிட்டதா?

இல்லை. வெப்பச் சென்சார் கழன்றிருந்த நேரத்தில் சாவி போடப்பட்டதால் அது பழுதாகப் பதிவாகியிருக்கும். அழிப்பதற்கு ஷார்ட் பிளக்கை மீண்டும் செருகிச் சாவியைத் திருப்புங்கள். பிறகு பிளக்கை உருவினால் விளக்கு ஏறக்குறைய 5 விநாடி எரியும். அந்த நேரத்துக்குள் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டால், விளக்கு அணைந்து சிமிட்டத் தொடங்கும். பதிவு அழிந்துவிட்டது. மீண்டும் 7 வந்தால் மட்டும், கனெக்டர் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டால் போதும் என்கிறார்களே? சாவியைப் போட்டுக் கைப்பிடியை மூன்று முறை முழுதாக முறுக்கினால் ரீசெட் ஆகிவிடும் என்றும் சொல்கிறார்களே?

இவற்றைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. வேறு தயாரிப்பு வண்டியில் கண்டதை எல்லா வண்டிக்கும் பொதுவாக்குகிறார்கள். சில தயாரிப்புகளில் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் ஈசியு மூடிய நிலையைத் தானே கற்றுக்கொள்கிறது. சிலவற்றில் கைப்பிடியைத் தொடாமல் இன்ஜினை ஐடிலிங்கில் 15 நிமிடம் ஓடவிடுவதே முறை. மேலே சொன்ன ஹோண்டா வண்டிகளில் பதிவு பேட்டரியைக் கழற்றினாலும் நிலைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றியபின் வண்டி சற்று நன்றாக ஓடியது என்றால், கழற்றி மாட்டியதில் துருப்பிடித்த முனை சுத்தமானதாலோ, அந்த இடைவெளியில் கனெக்டர் உலர்ந்ததாலோ அது நேர்ந்திருக்கலாம்.

சுசுகி, யமஹா வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர், எஸ்வி650 போன்ற பெரிய வண்டிகளின் பல பழைய மாடல்களில் ஈசியு கற்றுக்கொள்வதில்லை. நாம்தான் சென்சாரைத் திருப்பிச் சரியாக நிறுத்த வேண்டும். சீட்டின் கீழுள்ள டீலர் கனெக்டரை இணைத்தால் மீட்டரில் சி00 என்று தோன்றும். அதன் முன்னால் ஒரு சிறு கோடு வரும். இன்ஜின் சூடாகி, குறிக்கப்பட்ட ஐடிலிங் வேகத்தில் ஓடும்போது அந்தக் கோடு நடுவில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் சென்சார் கூடுதலாகவும், கீழே இருந்தால் குறைவாகவும் காட்டுகிறது. திருகைத் தளர்த்தி மயிரிழை அளவு நகர்த்தினாலே கோடு இடம் மாறும். யமஹாவின் பெரிய வண்டிகளில் மீட்டரின் பழுதறியும் நிலையில் முதல் எண் திறப்பைக் காட்டும். சிறிய வண்டிகளுக்குப் பழுதறியும் கருவி வைத்திருக்கும் கடையே ஏற்றது.

ஹோண்டாவிலும் சென்சாரின் திருகைத் தளர்த்தித் திருப்பலாமா?

கூடாது. ஹோண்டாவின் சிறிய வண்டிகளில் அந்தத் திருகுகளும், தகட்டை நிறுத்தும் வெள்ளைப் பூச்சுள்ள திருகும் தொழிற்சாலையில் அளந்து பூட்டப்பட்டவை. ஒருமுறை அசைத்தபின் பழைய இடத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது.

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்துவிட்டு ரீசெட் செய்யலாம் அல்லவா?

செய்யலாம், ஆனால் கவனத்தோடு. உட்சுவரில் தகடு மூடும் இடத்தில் மெல்லிய பூச்சு உண்டு. கார்புரேட்டர் கிளீனரை உள்ளே பீய்ச்சித் தேய்த்தால் பூச்சு போய், அந்த இடைவெளி வழியே காற்று கசியும். மென்மையான துணியில் சிறிது நனைத்துக் கரியை மட்டும் துடைத்தெடுங்கள். கேபிளைக் கழற்றிய நிலையில் தகட்டை விரலால் முழுதும் திறந்து சட்டென்று விட்டுவிடும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஸ்பிரிங்கின் வேகத்தில் தகடு மோதி, மூடும் நிலையே மாறிவிடும். அதன்பின் ஐடிலிங் சரியாக நிற்காது. விரலோடு சேர்த்து மெதுவாக மூடவிடுங்கள்.

ரீசெட் சரியாக நடந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, திறந்த இடத்தில் இன்ஜினைச் சூடாகவிடுங்கள். அடைத்த அறையில் ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மூச்சை நிறுத்திவிடும், அதற்கு வாசனையும் கிடையாது. கிளிக் போன்ற கியர் இல்லாத வண்டியில் சற்று முறுக்கினாலே பின் சக்கரம் சுழலும் என்பதால், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வேவ் 125இல் ஐடிலிங் நிமிடத்துக்கு 1,400 சுற்று, 100 கூடக்குறைய. கிளிக் 125இல் 1,700 சுற்று, 100 கூடக்குறைய. இந்த அளவில் நின்று, முறுக்கினால் தயங்காமல் எழும்பி, விட்டால் தொங்காமல் இறங்கினால் ரீசெட் சரி. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை அணைத்து மீண்டும் போட்டு விளக்கையும் பாருங்கள்.

புதிய சென்சார் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தாய்லாந்திலிருந்து வரும் உதிரிபாகங்களில் அசலும் உண்டு, அசலைப்போல் செய்ததும் உண்டு. பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பழைய சென்சாரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே மீட்டரை வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். தனிச் சென்சாராக விற்கப்படாத மாடல்களுக்குத் திராட்டில் பாடியோடு சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு முன் கனெக்டரையும், அதிலிருந்து ஈசியு வரை செல்லும் மூன்று கம்பிகளையும் மறுமுறை அளந்து பாருங்கள்: 5 வோல்ட் கம்பியில் 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்ட அளவு வரவில்லை என்றால், குற்றம் சென்சாரில் இல்லை.